வெள்ளி நாணயம் சொல்லும் சாட்சியம்

 

சென்ற வருடம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் எமது மஹல்லாவைச் சேர்ந்த ராத்தா ஒருவர் தம் இளைய மகளுடன் எமது வீட்டுக்கு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பஞ்சில் சுற்றியிருந்த ஒரு பெரிய நாணயத்தை மேசை மீது வைத்தார்.

"மௌலவி, நீங்க பழைய காசு சேர்க்கிறீங்கன்னு சொன்னாங்க. இதக் கொஞ்சம் பாருங்க. மூத்த மகன் டுபாயில இருந்து வரக்குள்ள வாங்கிட்டு வந்தது. அமெரிக்காட வெள்ளிக் காசாம். ஆயிரத்து எண்ணூத்தி நாலாம் ஆண்டாம். இப்படி ஒண்டு கோடிக் கணக்குல வித்ததா பேப்பர்லயும் போட்டிருந்திச்சாம்."

மகன் மூன்று மாதச் சேமிப்பை அந்த ஒரு நாணயத்துக்காகக் கொடுத்திருந்தார். வீடு அரைச் சுவரோடு நிற்கிறது. கடன் இருக்கிறது. பக்கத்தில் தலை குனிந்து நின்ற மகளுக்கு நிக்காஹ் பேச்சும் நடக்கிறது. அத்தனை எதிர்பார்ப்பையும் அந்த வெள்ளி வட்டத்தின் மேல் அவர்கள் ஏற்றி வைத்திருந்தார்கள்.

நாணயத்தைப் புரட்டிப் பார்த்தேன். முகப்பில் ஒரு பெண் பாறை மீது அமர்ந்திருக்கிறாள். அவளுக்குக் கீழே 1804 என்ற ஆண்டு. பார்த்த மாத்திரத்தில் என் மனம் கனத்துப் போயிற்று. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன், அந்த நாணயத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள். பணத்தைப் பற்றிய கதை போலத் தோன்றினாலும் இது அமானிதத்தைப் பற்றிய கதை.

நம்பிக்கைக்கு ஒரு பிணை

அமெரிக்கா சுதந்திரம் பெற்றபோது அங்கே மக்களின் கையில் புழங்கியது பெரும்பாலும் ஸ்பானிய டொலர். மெக்ஸிக்கோ போன்ற ஸ்பானியக் குடியேற்ற நாடுகளில் அடிக்கப்பட்ட எட்டு ரியால் வெள்ளி நாணயம் அது. தனக்கெனச் சொந்த நாணயம் வேண்டும் என்று 1792 ஏப்ரல் 2ஆந் திகதி அமெரிக்கா ஒரு சட்டத்தை இயற்றியது. ஒரு டொலரில் 371.25 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 24 கிராம் தூய வெள்ளி இருக்க வேண்டும், கலப்பு உலோகத்துடன் மொத்த எடை 416 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 26.96 கிராம் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் வரையறுத்தது. நாணயசாலை உத்தியோகத்தர் எவராவது தங்க, வெள்ளி நாணயத்தின் தரத்தை மோசடியாகக் குறைத்தால் அவருக்கு மரண தண்டனை என்றும் அதே சட்டம் சொல்லிற்று.

பிலடெல்பியா நகரில் நாணயசாலை எழுந்தது. ஆனால் 1793ஆம் ஆண்டில் அங்கே செப்புக் காசுகள் மட்டுமே அடிக்கப்பட்டன. காரணம் என்ன தெரியுமா? தங்கத்தையும் வெள்ளியையும் கையாளும் தலைமை நாணய அதிகாரியும் உரைகல் அதிகாரியும் தலைக்குப் பத்தாயிரம் டொலர் பிணை கட்ட வேண்டும் என்று சட்டம் விதித்திருந்தது. அக்காலத்தில் அது சாதாரண மனிதரால் நினைத்தும் பார்க்க முடியாத தொகை. 1794ஆம் ஆண்டு கொங்கிரஸ் அந்தப் பிணைத் தொகையைக் குறைத்த பின்னரே வெள்ளி வேலை தொடங்கியது.

1794 ஒக்டோபர் 15ஆந் திகதி முதன்முதலாக 1,758 வெள்ளி டொலர்கள் நாணயசாலையிலிருந்து ஒப்படைக்கப்பட்டன. அந்த வருடத்து டொலர் அவ்வளவுதான். அப்போதிருந்த திருகு அச்சியந்திரம் இத்தனை பெரிய நாணயத்துக்குப் போதிய வலுவில்லாதது. அதனால் அந்த நாணயங்களின் ஒரு பக்கத்து நட்சத்திரங்களும் எழுத்துகளும் மங்கலாகவே விழுந்தன. இன்றும் அந்த மங்கலே அவற்றின் அடையாளங்களில் ஒன்று. அவற்றுள் மிகச் சிறந்த நிலையிலுள்ள ஒன்று 2013இல் ஒரு கோடி டொலருக்கு மேல் ஏலம் போனது.

இரண்டு பெண்களின் அரம்

சகோதரிகளே! இந்த இடத்தில் உங்களுக்கென்றே ஒரு செய்தி இருக்கிறது.

அக்காலத்தில் வெள்ளித் தகட்டிலிருந்து வெட்டிய வில்லைகள் எல்லாம் ஒரே எடையில் வருவதில்லை. ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை கூடியதை அரத்தால் அராவிச் சரிப்படுத்த வேண்டும். மிகவும் குறைந்ததை உருக்குவதற்குத் திருப்பி அனுப்ப வேண்டும். 1795ஆம் ஆண்டு ஸாரா வோல்ட்ரேக், ரேச்சல் ஸம்மர்ஸ் என்னும் இரு பெண்கள் பிலடெல்பியா நாணயசாலையில் இந்த வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். அமெரிக்க அரசாங்கத்தில் முதன்முதலாக வேலை பார்த்த பெண்களாக இவர்களை நாணயசாலையின் சரித்திரம் குறிப்பிடுகிறது.

அந்த அரத்தின் தடங்கள் இன்றும் பல நாணயங்களில் தெரிகின்றன. ஒன்றுக்கொன்று சமமான மெல்லிய கோடுகள். விஷயம் தெரியாதவர்கள் "கீறல் விழுந்த காசு" என்று ஒதுக்கி விடுகிறார்கள். தெரிந்தவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பார்க்கிறார். அராவியது அச்சிடுவதற்கு முன்பு. ஆகவே அந்தக் கோட்டின் மேல் அச்சின் அழுத்தம் விழுந்து அதை நசுக்கியிருக்கும். பின்னாளில் விழுந்த கீறலோ உருவத்தையும் எழுத்தையும் வெட்டிக்கொண்டு போகும். முன்னது நேர்மையான எடைக்குச் சாட்சி. பின்னது வெறும் காயம்.

சில டொலர்களின் நடுவில் சிறியதொரு வெள்ளி ஆப்பு அடிக்கப்பட்டிருக்கிறது. எடை குறைந்த வில்லையை வீணாக்காமல், குறையை வெள்ளியாலேயே நிரப்பி, அதன் பிறகே அச்சில் வைத்திருக்கிறார்கள். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டித்தே தொடங்கும் ஒரு முழு ஸூரா குர்ஆனில் உண்டு. அந்த 83ஆவது அத்தியாயத்தை ஓதும் போதெல்லாம் எனக்கு அந்தச் சிறிய வெள்ளி ஆப்பு நினைவுக்கு வருவதுண்டு.

ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை

இப்போது, சேகரிப்பாளர்கள் ஏன் ஒரே ஆண்டு நாணயத்தைப் பத்து, இருபது என்று தேடி அலைகிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

நாணயம் அடிக்க இரண்டு உருக்கு அச்சுகள் தேவை. ஒன்று முகப்புக்கு, மற்றது பின்புறத்துக்கு. இன்று ஒரு மூல அச்சிலிருந்து ஆயிரம் அச்சுகளைச் சற்றும் மாறாமல் எடுக்கலாம். அன்று அப்படியல்ல. பெண்ணின் தலை, கழுகு போன்ற பெரிய உருவங்களை ஒரு முத்திரையால் பதித்த பிறகு, நட்சத்திரம், எழுத்து, இலக்கம், இலை, கனி எல்லாவற்றையும் தனித்தனி உளியால் கைப்படவே அடித்து இறக்கினார்கள். கை ஒரு மயிரிழை நகர்ந்தால் நட்சத்திரமும் நகரும். ஆகவே ஓர் அச்சைப் போல் இன்னோர் அச்சு இருக்காது. நாம் வீட்டில் கையால் தட்டும் ரொட்டியில் ஒன்று போல் இன்னொன்று அமைவதுண்டா? அதே கதைதான்.

சில உதாரணங்களைப் பாருங்கள். 1795ஆம் ஆண்டு டொலரில் கழுகின் ஒவ்வொரு சிறகின் கீழும் சிலவற்றில் இரண்டு இலைகளும், சிலவற்றில் மூன்று இலைகளும் இருக்கும். 1800ஆம் ஆண்டின் ஐந்து சதவெள்ளிக் காசு ஒன்றில் 'லிபர்ட்டி' என்ற சொல்லின் 'ஆர்' எழுத்து உளி உடைந்து போனதால் 'கே' போல் விழுந்திருக்கிறது. 1807ஆம் ஆண்டின் அரை டொலர் ஒன்றில் '50 சதம்' என்பதற்குப் பதிலாக '20' என்று அடித்துவிட்டு, பிழையைக் கண்டதும் இரண்டின் மேலேயே ஐந்தை அடித்திருக்கிறார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் ஐந்தின் அடியில் இரண்டு ஒளிந்திருப்பது தெரியும்.

உருக்கு விலையுயர்ந்தது. பழைய அச்சை எறிய மனம் வராது. அதனால் பழைய ஆண்டின் மேல் புதிய ஆண்டை அடிப்பதும் வழக்கமாயிருந்தது. 1814ஆம் ஆண்டுக்காகச் செய்த அச்சொன்றில் நாலின் மேல் ஏழை அடித்து 1817ஆம் ஆண்டு அரை டொலருக்குப் பாவித்தார்கள். அந்த அச்சு விரைவிலேயே வெடித்துப் போயிற்று. அதிலிருந்து பிறந்த நாணயங்களில் இன்று அறியப்பட்டவை ஏறத்தாழப் பன்னிரண்டு மட்டுமே. சாதாரண 1817 என்று நினைத்து அல்மாரியின் மூலையில் போட்டிருந்தவர்களும் இருந்திருக்கக்கூடும்.

ஒரு முகப்பு அச்சு தேய்ந்தாலும் பின்புற அச்சு நன்றாயிருக்கும். அதை வேறொரு முகப்போடு இணைத்துப் பாவிப்பார்கள். இந்த இணைப்புக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் 'திருமணம்'. பிரிந்த இரண்டு அச்சுகள் மீண்டும் சேர்ந்தால் அது 'மறுமணம்'! 1881இல் ஜோன் ஹேஸல்டைன் என்பவர் இந்த இணைப்புகளைப் பட்டியலிட்டார். 1925இல் பிரவுனிங் கால் டொலருக்கும், 1967இல் ஓவர்ட்டன் அரை டொலருக்கும் நூல் எழுதினார்கள். ஓவர்ட்டனின் இலக்கத்தைச் சொன்னால், உலகின் எந்த மூலையிலுள்ள சேகரிப்பாளருக்கும் எந்த முகப்பு, எந்தப் பின்புறம் என்று விளங்கிவிடும். 1807 முதல் 1836 வரையான அரை டொலர்களில் மாத்திரம் நானூறுக்கும் மேற்பட்ட இணைப்புகள் உண்டு. அவற்றில் நூறு வைத்திருப்பவர்களையே அங்கத்தவராகச் சேர்க்கும் ஒரு சங்கமும் அமெரிக்காவில் இருக்கிறது. தம்மைத் தாமே 'பைத்தியங்கள்' என்று அழைத்துக்கொள்வது அவர்களது வேடிக்கை.

ஒரு நாணயத்தை இனங்காணும் ஒழுங்கு இதுதான்: முதலில் ஆண்டு. அடுத்து எந்த நட்சத்திரம் எந்த எழுத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்பது. பிறகு பின்புறத்தில் இலையின் நுனி எந்த எழுத்தின் கீழ் முடிகிறது என்பது. கடைசியாக அச்சில் விழுந்த வெடிப்பின் கோடு. அச்சு உடையும் போது அந்த வெடிப்பு நாணயத்தில் மேடாக விழும். கோடு நீள நீள, அது பின்னர் அடிக்கப்பட்டது என்று வரிசைப்படுத்தி விடலாம்.

மஸ்கத் சுல்தானுக்குச் சென்ற டொலர்

இனி ராத்தாவின் 1804க்கு வருவோம்.

1804ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் 19,570 டொலர்கள் அடிக்கப்பட்டதாக ஏடுகள் சொல்கின்றன. ஆனால் அவை முந்தைய ஆண்டின் அச்சுகளால் அடிக்கப்பட்டவை. அவற்றில் 1804 என்று பொறிக்கப்படவில்லை. பின்னர் டொலர் அடிப்பதே நிறுத்தப்பட்டது.

முப்பது வருடங்கள் கழித்து, அமெரிக்கா கிழக்கு நாடுகளுடன் வர்த்தகம் செய்ய விரும்பியது. எட்மண்ட் ரொபர்ட்ஸ் என்ற தூதர் 1833 செப்டெம்பரில் மஸ்கத் சுல்தான் ஸெய்யித் ஸஈத் பின் ஸுல்தானுடன் ஓர் உடன்படிக்கை செய்தார். மஸ்கத்தையும் ஸன்ஸிபாரையும் ஆண்ட பெரும் கடலோடி மன்னர் அவர். அவருக்கும் சியாம் நாட்டு அரசருக்கும் அமெரிக்காவின் எல்லா நாணயங்களும் அடங்கிய அழகிய பேழை ஒன்றைப் பரிசாக அனுப்ப முடிவாயிற்று. டொலர் கடைசியாக அடிக்கப்பட்டது 1804இல் என்று ஏட்டைப் பார்த்த நாணயசாலையினர் 1804 என்ற ஆண்டுடன் புதிதாகவே அச்சுச் செய்தார்கள். 1835ஆம் ஆண்டு 'பீகொக்' என்ற கப்பலில் புறப்பட்டு, அந்த டொலர் மஸ்கத் போய்ச் சேர்ந்தது.

ஆக, உண்மையான 1804 டொலரே 1804இல் பிறந்ததல்ல! இந்த முதல் வகையில் எட்டு மட்டுமே அறியப்பட்டுள்ளன. நாணயத்தில் இருந்த ஆண்டை நம்பியவர்கள் பல தலைமுறைகளாக வாதாடினார்கள். விளிம்பின் அமைப்பையும், எழுத்தின் வடிவத்தையும், ஏடுகளையும் ஒப்பிட்டு நியூமன், பிரெஸ்ஸெட் என்ற இரு ஆய்வாளர்கள் 1962இல் வெளியிட்ட நூலே உண்மையை நிலைநாட்டியது.

மஸ்கத் சுல்தானுக்குச் சென்றது என்று கருதப்படும் டொலர் 1999இல் 41 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கும், 2021இல் 76 இலட்சத்து 80 ஆயிரம் டொலருக்கும் ஏலம் போனது. 'கருதப்படும்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அது 1917இல் இலண்டன் ஏலத்தில் லிவர்பூல் சேகரிப்பாளர் ஒருவரின் சொத்தாக வெளிப்பட்டது. மஸ்கத்திலிருந்து லிவர்பூல் வரை யார் யார் கைமாறியது என்பதற்கு ஆவணமில்லை. ஹதீஸ் கலை படித்த எங்களுக்கு இது உடனே விளங்கும். ஸனதின் நடுவில் தொடர்பு அறுந்திருந்தால் அதை 'முன்கதிஃ' என்போம். ஹதீஸ் கலையின் கண்ணியத்துக்கு நாணயத்தை ஒப்பிட முடியாதுதான். ஆயினும் 'உமக்கு இதைச் சொன்னது யார்? அவருக்குச் சொன்னது யார்?' என்று கேட்கும் பழக்கம் தீனுக்கும் நல்லது, துன்யாவுக்கும் நல்லது.

ராத்தாவின் நாணயம்

எங்கள் இமாம்கள் பொய்யான அறிவிப்பாளரை எப்படிப் பிடித்தார்கள்? அவர் பிறந்த ஆண்டைக் கேட்டார்கள். தாம் பிறக்கு முன்பே வபாத்தான ஒருவரிடம் ஹதீஸ் கேட்டதாகச் சொன்னால் பொய் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

ராத்தாவின் நாணயமும் அப்படியே பிடிபட்டது. மெய்யான 1804 டொலரில் இருப்பது ஒரு பெண்ணின் மார்பளவு உருவம். பாறையில் அமர்ந்திருக்கும் பெண் உருவம் அமெரிக்க டொலரில் முதன்முதலாக வந்ததே 1836இல்தான். ஆண்டு ஒன்றைச் சொல்ல, உருவம் வேறொன்றைச் சொல்லிற்று.

ஆனாலும் என் வாய்ச் சொல்லை மாத்திரம் அவர் நம்பிப் போகக் கூடாது என்று நினைத்தேன். மகனின் பாடசாலைப் பெட்டியிலிருந்த காந்தத்தை எடுத்து வைத்தேன். நாணயம் டக்கென்று ஒட்டிக்கொண்டது. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. பக்கத்து நகைக்கடையில் நிறுத்தோம். 27 கிராம் இருக்க வேண்டியது 21 கிராமும் இல்லை. இரும்பின் மேல் வெள்ளி நிறப் பூச்சு.

ராத்தா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின் மகளைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மௌலவி, வேற யாருக்காவது வித்துப் போட்டா என்ன? எங்களயும் ஏமாத்தித்தானே வித்தான்?"

அந்தக் கேள்வி எனக்குக் கோபத்தைத் தரவில்லை. கடன்பட்ட நெஞ்சின் கேள்வி அது. நான் சொன்னேன்: "ராத்தா, உங்க மகன் பட்ட நட்டம் மகனோட போகட்டும். இத வித்தா, இன்னொரு உம்மா இதே மாதிரி முந்தானையில முடிஞ்சிக்கிட்டு யாருட வாசலுக்கோ போவா. அந்தக் கண்ணீருக்கு நாங்க பதில் சொல்ல வேணும்."

அவர் நாணயத்தைப் பஞ்சில் சுற்றவில்லை. மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். "மத்ரஸாப் புள்ளைகளுக்குக் காட்டுங்க. அதுகளாவது ஏமாறாம இருக்கட்டும்" என்றார். இன்றும் என் வகுப்பில் அந்தக் காந்தமும் அந்த நாணயமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

வீட்டில் செய்யக்கூடியவை

பிள்ளைகள் பழைய காசு சேர்க்கிறார்களா? அல்லது வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருகிறார்களா? இவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, காந்தம். ஒட்டினால் அது வெள்ளியல்ல. ஒட்டாவிட்டால் மாத்திரம் வெள்ளி என்றாகாது. பித்தளையும் செம்பும் ஒட்டாது.

இரண்டாவது, எடை. டொலர் 26.96 கிராம், அரை டொலர் 13.48 கிராம். தேய்ந்திருந்தால் சிறிது குறையலாம், ஐந்தாறு கிராம் குறையாது.

மூன்றாவது, தண்ணீர்ச் சோதனை. இலத்திரனியல் தராசில் ஒரு கோப்பை தண்ணீரை வைத்து எடையைப் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள். நாணயத்தை நூலில் கட்டி, கோப்பையின் அடியையோ சுவரையோ தொடாமல் தண்ணீரில் தொங்க விடுங்கள். உண்மையான டொலரானால் தராசு ஏறத்தாழ 2.6 கிராம் காட்டும். அதே எடையுள்ள பித்தளையானால் மூன்று கிராமைத் தாண்டும்.

நான்காவது, ஒருபோதும் கழுவாதீர்கள். குத்துவிளக்கும் பித்தளைச் சட்டியும் தேய்ப்பது போல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் மேற்பரப்பே போய்விடும். கறுத்த வெள்ளி பெறுமதியானது. பளபளப்பாக்கிய வெள்ளி பாதிப் பெறுமதியும் பெறாது. முகப்பைத் தொடாமல் விளிம்பில் பிடியுங்கள்.

ஐந்தாவது, வாங்கிய இடம், ஆள், ஆண்டு ஆகியவற்றை ஒரு கடதாசியில் எழுதி நாணயத்தோடு வையுங்கள். அதுதான் அதன் ஸனத்.

மார்க்கத்தின் பார்வையில்

உருவம் பொறித்த நாணயத்தை வைத்திருக்கலாமா என்று சில சகோதரிகள் கேட்பதுண்டு. ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் புழங்கியவை ரோமரின் தீனாரும் பாரசீகரின் திர்ஹமும்தான். அவற்றில் மன்னர்களின் உருவங்கள் இருந்தன. கலீபா அப்துல் மலிக் பின் மர்வானின் ஆட்சியிலே, ஹிஜ்ரி 77 அளவில்தான் எழுத்து மட்டுமே கொண்ட தீனார் வந்தது. ஆகவே பெட்டியில் பேணி வைப்பதில் குற்றமில்லை. கண்ணியப்படுத்தும் நோக்கில் சுவரில் மாட்டி வைப்பது வேறு விடயம்.

மற்றொன்றை மறந்துவிடுகிறோம். வெள்ளியின் நிஸாப் 200 திர்ஹம், அதாவது ஏறத்தாழ 595 கிராம் தூய வெள்ளி. ஒரு பழைய டொலரில் 24 கிராம் என்றால் இருபத்தைந்து டொலரில் நிஸாப் நிரம்பிவிடும். அரை டொலரானால் ஐம்பது. நூறு அரை டொலர் வைத்திருக்கும் அந்தச் சங்கத்து 'பைத்தியம்' ஒரு முஸ்லிமாயிருந்தால், வருடம் பூர்த்தியானதும் ஸகாத் அவர் மீது கடமை. பெட்டிக்குள் தூங்கும் வெள்ளியிலும் ஏழையின் பங்கு விழித்திருக்கிறது.

சகோதரிகளே! அந்த இரண்டு பெண்களும் 1795ஆம் ஆண்டில் அராவிய வெள்ளித் தூள் எங்கேயோ போயிற்று. ஆனால் எடை சரியாக இருக்க வேண்டும் என்று அவர்கள் இழுத்த அரத்தின் கோடு இருநூறு வருடங்களுக்கு மேலாகியும் அழியவில்லை. எங்கள் கையால் நாம் நிறுத்துக் கொடுக்கும் ஒரு கொத்து அரிசியிலும், பிள்ளைக்குச் சொல்லும் ஒரு சொல்லிலும் அத்தகைய கோடு ஒன்று விழுகிறது. அதைப் பார்ப்பவன் அல்லாஹ்.

அந்த ராத்தாவின் வீட்டுச் சுவர் இப்போது கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. மகளின் நிக்காஹும் ஷவ்வால் மாதத்தில் எளிமையாக நிறைவேறியது. அல்ஹம்துலில்லாஹ். ஹலாலான சிறிய தொகையில் அல்லாஹ் பெரிய பரக்கத்தை வைப்பானாக. ஆமீன்.